எண்கோடும் சமச்சீர்க் கோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை இருக்கிறார்கள். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. எண்கோட்டிலும் சமச்சீர்க் கோட்டிலும் அவர்கள் கேட்டதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பிள்ளைகளைக் கூப்பிட வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்று கேட்டதும் அதில் உண்டு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் ஸ்கேலும் இருக்கட்டும். சில பதில்கள் மடித்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

1. எண்கோடுன்னா என்ன? ஸ்கேல்தானே அது?

ஸ்கேல் என்பது எண்கோட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. எண்கோட்டுக்கு அந்தப் பக்கமும் முடிவில்லை, இந்தப் பக்கமும் முடிவில்லை. அதைக் காட்டத்தான் இரண்டு முனையிலும் அம்புக்குறி போடுகிறோம்.

எண்கோடு வரைய மூன்று முடிவுகள் எடுத்தால் போதும். 0 எங்கே, 1 அதிலிருந்து எவ்வளவு தூரத்தில், எண்கள் எந்தப் பக்கமாக ஏறுகின்றன. இந்த மூன்றும் முடிவாகிவிட்டால் மற்ற எல்லா எண்ணுக்கும் இடம் தானாக அமைந்துவிடும். 2-ஐ நம் இஷ்டத்துக்குத் தள்ளி வைக்க முடியாது. 0-க்கும் 1-க்கும் எவ்வளவு இடைவெளியோ, அதே இடைவெளிதான் 1-க்கும் 2-க்கும், 99-க்கும் 100-க்கும்.

2. கோட்டை எண்ணணுமா, இடைவெளியை எண்ணணுமா?

என் நோட்டில் அதிக முறை எழுதப்பட்ட கேள்வி இதுதான். எண்ண வேண்டியது இடைவெளியை.

ஒரு பெண் 2 + 3 போட்டாள். 2-ன் மேல் பென்சிலை வைத்தாள், "ஒண்ணு" என்றாள். 3-ல் "ரெண்டு", 4-ல் "மூணு". விடை 4 என்று எழுதினாள். அவள் தாவியதே இரண்டு முறைதான். நிற்கும் இடத்தையும் ஒரு தாவலாக எண்ணிவிட்டாள். பாண்டி ஆடும்போது இந்தத் தப்பு யாருக்கும் வராது, ஏனென்றால் கால் தரையைவிட்டு எழும்பினால்தான் ஒன்று. பென்சிலையும் அப்படியே எழுப்பி வைக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது.

ஸ்கேலில் அளக்கும்போதும் இதே சிக்கல் வரும். முனை தேய்ந்த ஸ்கேலில் 1-லிருந்து ஆரம்பித்து 8-ல் முடித்துவிட்டு "8 செ.மீ." என்று எழுதுவார்கள். இடையில் இருப்பது 7 இடைவெளி, அதனால் 7 செ.மீ.

3. எண்கோட்டில் 0 நடுவில்தான் வரணுமா? எண்கோடு படுத்துத்தான் இருக்கணுமா?

இரண்டுமே கட்டாயமில்லை. 480-லிருந்து 520 வரை மட்டும் தேவை என்றால் அந்தப் பகுதியை மட்டும் வரையலாம். 0 எங்கோ இடது பக்கம் தாளுக்கு வெளியே இருக்கும். ஆனால் குறித்த இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு இடைவெளிக்கும் 10 என்றால் கடைசி வரை 10-தான்.

தெர்மாமீட்டர் நிமிர்ந்து நிற்கும் எண்கோடு. லிஃப்ட்டில் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்தும் தளத்துக்குச் சில கட்டடங்களில் -1 என்றே போட்டிருப்பார்கள். உயரக் கணக்கும் அப்படித்தான். கடல் மட்டம் 0 என்று வைத்தால் தொட்டபெட்டா 2637 மீட்டரில் நிற்கிறது. கேரளத்துக் குட்டநாட்டில் நெல் விளையும் வயல்கள் 0-க்குக் கீழே இருக்கின்றன.

4. 7 பெரிசு, 3 சின்னது. அப்போ -7தானே -3-ஐ விடப் பெரிசு?

இல்லை, -3-தான் பெரியது. எண்கோட்டில் வலது பக்கம் இருப்பது பெரியது, இந்த ஒரு விதிக்கு விலக்கே கிடையாது. -3 வலப்பக்கம் இருக்கிறது.

குழப்பம் வரக் காரணம், இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான். "எது பெரியது?" என்பது ஒரு கேள்வி. "எது 0-லிருந்து அதிகத் தூரத்தில் இருக்கிறது?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை -7, சரிதான். அந்தத் தூரத்துக்குத் தனி மதிப்பு என்று பெயர். -7-ன் தனி மதிப்பு 7, 7-ன் தனி மதிப்பும் 7. தூரத்துக்குக் குறை கிடையாது.

பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் மிகை எண்களைத் தனம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் சொல்லியே விதிகளை எழுதினார். நான் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். 7 ரூபாய் கடன் இருப்பவரையும் 3 ரூபாய் கடன் இருப்பவரையும் பக்கத்தில் நிறுத்தினால், யார் கையில் நிலைமை பரவாயில்லை என்பதைப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள்.

5. கழித்தால் இடது பக்கம் போகணும்னு சொன்னீங்க. அப்போ 3 - (-2) எப்படி 5 ஆகுது?

"மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு விடை வரும், ஆனால் -3 - 2 என்று கொடுத்தால் அங்கேயும் பிளஸ் போட்டு 5 என்று எழுதும். அதனால் அந்த வாசகத்தை நான் சொல்லித் தருவதில்லை.

கழித்தலை இப்படிப் பாருங்கள். 5 - 2 என்றால் "2-லிருந்து 5-க்குப் போக எத்தனை அடி, எந்தப் பக்கம்?" வலது பக்கம் 3 அடி, அதனால் 3. 2 - 5 என்றால் 5-லிருந்து 2-க்குப் போக வேண்டும். இடது பக்கம் 3 அடி, அதனால் -3. இப்போது 3 - (-2): -2-லிருந்து கிளம்பி 3-க்குப் போக வேண்டும். 0-க்கு வர 2 அடி, அங்கிருந்து 3 அடி. வலது பக்கம் 5 அடி. எந்தப் புது விதியும் தேவைப்படவில்லை.

குறை எண்ணுக்கு அர்த்தம் உண்டா என்று ஐரோப்பாவில் ரொம்ப நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1685-ல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் ஒரு நேர்கோட்டில் நடக்கும் ஆளை வைத்து விளக்கினார். அவர் 5 கெஜம் முன்னே போய் 8 கெஜம் பின்னே வருகிறார். கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியிருக்கிறார்? -3 கெஜம். நம் வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் மேல் பிள்ளையை நடக்கவிட்டுச் சொல்லித் தருவதும் இதேதான்.

6. கி.மு., கி.பி. வருஷத்தை எண்கோட்டில் போட்டுக் கழிச்சா விடை ஒண்ணு கூடுதலா வருதே?

நல்ல கண். கி.மு. 1 முடிந்ததும் அடுத்தது கி.பி. 1. நடுவில் 0 என்ற வருஷமே கிடையாது. 0 இல்லாத கோடு எண்கோடு ஆகாது, ஒரு இடைவெளி குறைந்துபோன கோடு அது.

ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்தார். எண்கோட்டு வழக்கப்படி 14 - (-63) போட்டால் 77 வரும். இல்லாத வருஷத்துக்கு ஒன்றைக் கழித்தால் 76. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே இறந்ததால் அவர் வயது 75. வானியலாளர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கி.மு. 1-ஐ 0 என்றும், கி.மு. 2-ஐ -1 என்றும் எழுதுகிறார்கள். அப்போது கழித்தல் ஒழுங்காக வரும்.

7. 0-க்கு அடுத்த எண் எது? 1-ஆ, 0.1-ஆ, 0.01-ஆ?

முழு எண்களில் கேட்டால் 1. எண்கோட்டில் இருக்கும் எல்லா எண்களையும் சேர்த்துக் கேட்டால், அப்படி ஒரு எண்ணே இல்லை. நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைப் பாதியாக்கி நான் ஒன்று சொல்வேன், அது 0-க்கு இன்னும் பக்கத்தில் இருக்கும்.

எந்த இரண்டு எண்ணுக்கு நடுவிலும் இன்னொரு எண் உண்டு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். 1/3-க்கும் 1/2-க்கும் நடுவில் 5/12. 1/3-க்கும் 5/12-க்கும் நடுவில் 3/8. எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். கோட்டில் குறித்த புள்ளிகள் மட்டும்தான் எண்கள் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய செய்தி. முதல்முறை கேட்டபோது ஒரு பையன் நாலைந்து பக்கம் பாதியாக்கிக்கொண்டே போனான். நான் நிறுத்தவில்லை.

8. √2-க்கு தசமம் முடியவே முடியாதுன்னு சொல்றாங்க. முடியாத எண்ணை எப்படி ஒரு புள்ளியில் வைக்கிறது?

முடியாதது நாம் எழுதும் தசமம்தான். எண்ணுக்கு இடம் கச்சிதமாக இருக்கிறது. எண்கோட்டில் 0-லிருந்து 1 வரை உள்ள துண்டின் மேல் ஒரு சதுரம் வரையுங்கள். 0-லிருந்து எதிர் மூலைக்கு மூலைவிட்டம் போடுங்கள். அதன் நீளம் √2. காம்பஸின் முள்ளை 0-ல் வைத்து, பென்சிலை அந்த எதிர் மூலையில் வைத்து, கீழே கோட்டைத் தொடும் வரை சுற்றினால் 1.4-ஐக் கொஞ்சம் தாண்டி வெட்டும். அந்தப் புள்ளிதான் √2.

9. சமச்சீர்க் கோடுன்னா உருவத்தைச் சரிபாதியா வெட்டுற கோடுதானே?

சரிபாதியாக வெட்டினால் மட்டும் போதாது. இங்கேதான் பாதி வகுப்பு வழுக்குகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மூலைவிட்டத்தை வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அச்சாகப் பொருந்தும். பிள்ளைகள் "பாத்தீங்களா, சமம்தான்!" என்பார்கள். ஆனால் பொருத்துவதற்கு என்ன செய்தீர்கள் என்று கவனியுங்கள். ஒரு முக்கோணத்தைப் புரட்டாமல் அரைச்சுற்றுச் சுற்றி வைத்தீர்கள். இப்போது இன்னொரு தாளை எடுத்து, வெட்டாமல், அதே மூலைவிட்டத்தில் மடியுங்கள். ஒரு முனை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு முனை அந்தப் பக்கம். பொருந்தாது.

சமச்சீர்க் கோடு என்றால் அந்தக் கோட்டில் மடித்தால் ஒரு பாதி மறுபாதியின் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். வெட்டுவது சோதனை இல்லை, மடிப்பதுதான் சோதனை.

10. அப்போ சதுரத்துக்கு மட்டும் மூலைவிட்டம் எப்படிச் சமச்சீர்க் கோடு ஆகுது?

மூலைவிட்டத்தில் மடிக்கும்போது ஒரு மூலையில் சேரும் இரண்டு பக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அவை ஒரே நீளமாக இருந்தால் பொருந்தும். சதுரத்தில் ஒரே நீளம், செவ்வகத்தில் ஒன்று நீளம், ஒன்று அகலம். சாய்சதுரத்திலும் எல்லாப் பக்கமும் சமம் என்பதால் அதன் இரண்டு மூலைவிட்டங்களும் சமச்சீர்க் கோடுகள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. செவ்வகத்துக்கு 2 கோடு, இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் போகும். சாய்சதுரத்துக்கு 2 கோடு, இரண்டும் மூலைவிட்டம். சதுரம் செவ்வகமாகவும் இருக்கிறது, சாய்சதுரமாகவும் இருக்கிறது. அதனால் அந்த இரண்டும் இந்த இரண்டும் சேர்ந்து அதற்கு 4.

11. இணைகரத்துக்கு ஒண்ணுகூட இல்லைங்கிறது நம்பவே முடியலை. பார்க்க அழகா இருக்கே?

மடித்துப் பாருங்கள், 9-வது கேள்வியில் வந்த அதே நீட்டல் எல்லாப் பக்கமும் வரும். சாதாரண இணைகரத்துக்குச் சமச்சீர்க் கோடு 0. (செவ்வகமும் சாய்சதுரமும் இணைகரங்களே, அவற்றுக்கு உண்டு.)

ஆனால் கண் சொல்வதும் பொய்யில்லை. அதற்கு வேறு வகைச் சமச்சீர் இருக்கிறது. நடுவில் ஒரு குண்டூசி குத்தி அரைச்சுற்றுச் சுற்றினால் பழையபடியே தெரியும். இது சுழல் சமச்சீர். ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை அப்படித் தெரிவதால் இணைகரத்தின் சுழல் சமச்சீர் வரிசை 2. திருவிழாவில் வாங்கும் நாலு இதழ்க் காகிதக் காற்றாடியும் இப்படித்தான், கால் சுற்றுக்கு ஒருமுறை அதே தோற்றம், ஆனால் மடித்தால் பொருந்தாது. இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருப்பதே காரணம்.

12. எந்த வடிவத்துக்கு எத்தனை கோடுன்னு ஒரு லிஸ்ட் கொடுங்களேன், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிக்கிறோம்.

மனப்பாடம் மறந்துபோகும், காரணம் மறக்காது. முக்கோணத்தில் எத்தனை ஜோடிப் பக்கங்கள் சமமோ அத்தனை கோடு. இருசமபக்க முக்கோணத்தில் ஒரு ஜோடி, 1 கோடு. சமபக்க முக்கோணத்தில் மூன்று ஜோடி, 3 கோடு. அசமபக்க முக்கோணத்துக்கு 0. பட்டம், இருசமபக்கச் சரிவகம், அரைவட்டம் ஆகியவற்றுக்கு 1. எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான ஒழுங்கு பலகோணத்துக்கு எத்தனை பக்கமோ அத்தனை கோடு. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளைச் சமபக்க முக்கோணமாக வைத்தால் அதற்கும் 3.

13. வட்டத்துக்கு 360 டிகிரி இருக்கே, 360 கோடுன்னு எழுதலாமா?

கூடாது. எண்ணற்றவை என்றுதான் எழுத வேண்டும். மையத்தின் வழியாகப் போகும் எந்தக் கோட்டில் மடித்தாலும் வட்டம் பொருந்தும். 1 டிகிரியில் ஒரு கோடு, 2 டிகிரியில் ஒரு கோடு என்றால் 1.5-ல் ஒன்று இல்லையா? 1.25-ல்? இது 7-வது கேள்வியேதான், நேர்கோட்டுக்குப் பதில் வட்டத்தில் வந்திருக்கிறது.

14. அசோகச் சக்கரத்தில் 24 ஆரக்கால். இரண்டிரண்டா சேர்ந்தா 12 கோடுதானே வரும்?

எதிரெதிர் ஆரக்கால்கள் வழியாகப் போகும் கோடுகள் 12. அதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகவும் மடிக்கலாம், அப்படி இன்னும் 12. மொத்தம் 24. சதுரத்தில் மூலை வழியாக 2, பக்கத்தின் நடு வழியாக 2 என்று வந்ததே, அதே கதை. ஐங்கோணம் மாதிரி ஒற்றைப்படையில் இருந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு முனையில் மூலையையும் மறுமுனையில் பக்கத்தின் நடுவையும் தொடும்.

அடுத்து வரும் கேள்வி, தேசியக் கொடிக்கு எத்தனை? நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1, நெட்டுக்குத்தாகப் போகும் கோடு. குறுக்கே மடித்தால் காவியின் மேல் பச்சை விழும்.

15. ஒரு சின்னக் கோட்டுத்துண்டு வரைஞ்சு இதுக்கு எத்தனை சமச்சீர்க் கோடுன்னு கேட்டாங்க. 1தானே?

2. நடுவில் செங்குத்தாகப் போகும் மையக்குத்துக்கோடு ஒன்று. அந்தத் துண்டின் மேலேயே படுத்திருக்கும் கோடு இன்னொன்று. அதில் மடித்தால் துண்டு அசையாமல் தன் மேலேயே இருக்கும், பொருந்துகிறதுதானே.

16. கோலம் எல்லாமே சமச்சீர்தானே? அதை ஏன் பாடத்தில் எண்ணச் சொல்றாங்க?

முதலில் புள்ளியைப் பாருங்கள். 5 புள்ளி 5 வரிசை நேர்ப்புள்ளி வைத்தால் அது ஒரு சதுரம், புள்ளிகளுக்கு 4 சமச்சீர்க் கோடு. 7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4-ல் நிறுத்து என்றால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று போகும். மொத்தம் 37 புள்ளி, வடிவம் அறுகோணம், கோடு 6. ஆனால் தரையில் கச்சிதமாக 6 வர வேண்டுமானால் வரிசைக்கு வரிசை உள்ள தூரம் புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளி சமபக்க முக்கோணமாக உட்கார்ந்தால்தான் அறுகோணம் ஒழுங்காக வரும். பல வருஷம் கோலம் போட்ட கைக்கு இது தானாக வந்துவிடுகிறது. நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த ஒரு வாசலில் 10 விரற்கடைக்கு 9 விரற்கடை என்று இருந்தது. கணக்குப்படி வர வேண்டியது 8.7.

புள்ளிக்குச் சமச்சீர் இருப்பதால் இழைக்கும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. சிக்குக் கோலங்களில் சில, காற்றாடியைப் போல ஒரே பக்கமாகச் சுழன்று வளைபவை. அவற்றைச் சுற்றினால் பொருந்தும், மடித்தால் பொருந்தாது. அதனால்தான் எண்ணச் சொல்கிறார்கள். கண் "அழகு" என்று மட்டும் சொல்லும், மடித்தால்தான் எந்த வகை அழகு என்று தெரியும்.

17. சாய்ந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் பிம்பம் வரையச் சொன்னா மட்டும் தப்பாவே வருது. ஏன்?

நிமிர்ந்த கோடாக இருந்தால் பிள்ளைகள் படுக்கைவாட்டில் கட்டங்களை எண்ணி வரைகிறார்கள், சரியாக வருகிறது. அந்தப் பழக்கத்திலேயே சாய்ந்த கோட்டுக்கும் படுக்கைவாட்டில் எண்ணுவதுதான் தப்பு. புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும், போன தூரமே அந்தப் பக்கமும் போக வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பிம்பம்.

கட்டம் போட்ட நோட்டில் கோடு 45 டிகிரி சாய்ந்திருந்தால், கட்டங்களின் மூலைக்கு மூலை எண்ணுங்கள். இரண்டரைக் கட்டம் குறுக்கே போய்க் கோட்டைத் தொட்டால், இன்னும் இரண்டரைக் கட்டம் அதே திசையில். கோட்டின் மேலேயே இருக்கும் புள்ளிக்குப் பிம்பம் அதே புள்ளிதான், அதை நகர்த்தாதீர்கள். சந்தேகம் வந்தால் தாளை அந்தக் கோட்டில் மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு படமும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

18. கண்ணாடி இடத்தை வலமா மாத்துது. மேலைக் கீழா ஏன் மாத்தலை?

உண்மையில் அது இடம் வலத்தையும் மாற்றுவதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் வலது கையைத் தூக்குங்கள். பிம்பத்தின் எந்தக் கை எழும்புகிறது? அதே பக்கத்தில் இருக்கும் கைதான். கண்ணாடி மாற்றுவது ஒன்றை மட்டும், முன்பின்னை. உங்கள் மூக்கு வடக்கே பார்த்தால் பிம்பத்தின் மூக்கு தெற்கே பார்க்கிறது. மனிதர் ஒருவர் நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார் என்று மனம் எடுத்துக்கொள்வதால் கை மாறியதாகத் தோன்றுகிறது.

எழுத்தைக் காட்டும்போது அதைக் கண்ணாடி பக்கம் நாமே திருப்புகிறோம், அதனால்தான் மாறித் தெரிகிறது. ஆம்புலன்ஸ் முகப்பில் பெயரை மாற்றி எழுதியிருப்பது முன்னால் போகும் வண்டிக்காரர் தன் கண்ணாடியில் நேராகப் படிப்பதற்காக.

19. எண்கோடு ஒரு பாடம், சமச்சீர் வேற பாடம். ரெண்டையும் நீங்க ஏன் சேர்த்தே நடத்துறீங்க?

இரண்டும் ஒன்றையொன்று விளக்குவதால். ஒரு நீளமான காகிதப் பட்டையில் -10 முதல் 10 வரை எண்கோடு வரைந்து 0-ல் மடியுங்கள். 1-ன் மேல் -1, 7-ன் மேல் -7. குறை எண் என்பது மிகை எண்ணின் பிம்பம். 4-வது கேள்வியில் சொன்ன தனி மதிப்பு, கண்ணாடியிலிருந்து உள்ள தூரம்.

இப்போது பட்டையைப் பிரித்து 3-ல் மடியுங்கள். 2-ன் மேல் 4, 1-ன் மேல் 5, 0-ன் மேல் 6, -2-ன் மேல் 8. ஒவ்வொரு ஜோடியையும் கூட்டுங்கள். எல்லாமே 6, அதாவது மடித்த எண்ணின் இரு மடங்கு. அதனால் ஒரு எண்ணின் பிம்பம் வேண்டுமென்றால் மடிக்கும் எண்ணை இரட்டிப்பாக்கி அதிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் போதும். திருப்பிப் போட்டால் நடுப்புள்ளி கிடைக்கும். -5-ம் 9-ம் பொருந்த எங்கே மடிக்க வேண்டும்? கூட்டினால் 4, பாதி 2. பட்டையை 2-ல் மடித்துப் பார்த்துவிடுங்கள். எண்களை அழித்துவிட்டு வெறும் கோட்டை மட்டும் பார்த்தால், எந்தப் புள்ளியில் மடித்தாலும் அது பொருந்தும்.

20. ஒரு பிம்பத்துக்கு மறுபடியும் பிம்பம் எடுத்தா பழையபடி வந்துடுமா?

அதே கண்ணாடி என்றால் வந்துவிடும். வேறு கண்ணாடி என்றால் வராது. 1-ஐ முதலில் 0-ல் பிரதிபலித்தால் -1. அதை 3-ல் பிரதிபலித்தால் 6 - (-1) = 7. 2-ஐ இப்படி அனுப்பினால் -2, பிறகு 8. 5-ஐ அனுப்பினால் 11. எல்லா எண்ணும் 6 இடம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. இரண்டு கண்ணாடிக்கும் இடையே 3, நகர்ந்தது அதன் இரு மடங்கு. கண்ணாடிக் கோடுகள் இப்படி இணையாக இல்லாமல் ஒன்றையொன்று வெட்டினால், நகர்வதற்குப் பதில் சுழலும், அவற்றுக்கிடையே உள்ள கோணத்தின் இரு மடங்கு. சமபக்க முக்கோணத்தின் சமச்சீர்க் கோடுகள் 60 டிகிரியில் வெட்டுகின்றன, அது 120 டிகிரிக்கு ஒருமுறை சுழல் சமச்சீர் காட்டுகிறது.

இதைச் சலூனில் பார்க்கலாம். முன்னால் ஒரு கண்ணாடி, பின்சுவரில் ஒரு கண்ணாடி. முன் கண்ணாடியை 0 என்றும் பின் கண்ணாடியை 3 மீட்டர் என்றும் வையுங்கள், நாற்காலி 1-ல். முன்னால் பார்த்தால் -1-ல் உங்கள் முகம். அதற்குப் பின்னால் -5-ல் உங்கள் பின்னந்தலை, அது இரண்டு முறை பிரதிபலித்து 6 மீட்டர் நகர்ந்த நீங்கள். -7-ல் மறுபடி முகம், -11-ல் பின்னந்தலை, -13-ல் முகம். முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் எப்போதும் 6 மீட்டர். அடுத்த முறை முடி வெட்டிக்கொள்ளும்போது, துணியைப் போர்த்தி உட்கார வைத்ததும், முதல் பின்னந்தலை முதல் முகத்திலிருந்து எவ்வளவு தள்ளியும், இரண்டாவது முகம் அந்தப் பின்னந்தலைக்கு எவ்வளவு நெருக்கமாகவும் தெரிகிறது என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு இடைவெளி 4, அடுத்தது 2, மறுபடி 4.